பத்துக்கு ஐந்து வாங்கிய இரண்டு பிள்ளைகள்

தசம எண்கள் பாடம் முடிந்ததும் ஆறாம் வகுப்பில் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். இரண்டு எண்கள் கொடுத்திருக்கும், பெரியதை வட்டமிட வேண்டும். பத்துக் கேள்விகள், அவ்வளவுதான். அடுத்தடுத்த பெஞ்சில் உட்காரும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஆளுக்கு ஐந்து வாங்கினார்கள். மார்க் ரிஜிஸ்டரில் இருவர் பெயருக்கு நேராகவும் அதே 5. ஆறுக்குக் கீழே வாங்கியவர்களைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடு என்று யாராவது சொன்னால், இருவரும் ஒரே குழுவில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

விடைத்தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. 4.8, 4.63 என்ற மாதிரியான ஐந்து கேள்விகளிலும் பையன் தப்பு. 4.63தான் பெரியது என்று வட்டமிட்டிருந்தான். 5.736, 5.62 மாதிரியான ஐந்தும் அவனுக்குச் சரி. அந்தப் பெண்ணுக்கு அப்படியே தலைகீழ். பையன் சரியாகப் போட்ட ஐந்திலும் அவள் தப்பு, அவன் தப்பாகப் போட்ட ஐந்திலும் அவள் சரி.

இது தற்செயல் இல்லை. பையன் புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பதைத் தனியான முழு எண்ணாகப் படிக்கிறான். 63 எட்டைவிடப் பெரியதுதானே, அதனால் 4.63 பெரியது. 736 அறுபத்திரண்டைவிடப் பெரியது, அதனால் 5.736 பெரியது. இரண்டாவதில் விடை சரியாக விழுந்துவிடுகிறது, விதி மட்டும் தப்பாகவே இருக்கிறது. அந்தப் பெண் வேறு வழியாக வருகிறாள். நூறில் ஒரு பங்கைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு சிறியது என்று அவளுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அதனாலேயே, ஆயிரத்தில் பங்கு வரை போகிற எந்த எண்ணும் சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் இதைத்தான் பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். ‘நீளமானது பெரியது’ என்று நினைக்கும் பிள்ளைகள், ‘குட்டையானது பெரியது’ என்று நினைக்கும் பிள்ளைகள் என்று பிரித்து, அவர்களைக் கண்டுபிடிக்கவே ஒப்பிடும் கேள்விகளை ஜோடி ஜோடியாக அமைத்தார்கள். என் பத்துக் கேள்விகளும் அந்த யோசனையிலிருந்து எடுத்தவைதான்.

இப்போது பாடத்துக்கு வருவோம். இந்த இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, “இலக்கம் அதிகமாக இருந்தால் எண் பெரியது என்று நினைக்காதே” என்று நான் சொன்னால் என்ன ஆகும்? பையனுக்கு அது உதவும். பெண்ணோ, ‘ஆமாம், நான் நினைத்தது சரிதான்’ என்று தலையாட்டுவாள். அவளுடைய தப்பை நானே உறுதிப்படுத்தி அனுப்பியிருப்பேன். மார்க்கை மட்டும் பார்த்துப் பாடம் திட்டமிடுவதில் இந்த ஆபத்து இருக்கிறது. கணக்கு டீச்சர்கள் எல்லோரும் இதைக் கண் முன்னால் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பையனுக்கு எண்கோடு வரைந்தேன். 4க்கும் 5க்கும் நடுவே பத்துப் பாகம், 4.6க்கும் 4.7க்கும் நடுவே மறுபடியும் பத்துப் பாகம். 4.63 எங்கே உட்காருகிறது என்று அவனே விரலை வைத்துக் காட்டினான், 4.8 அதைத் தாண்டி இருப்பதையும் அவனே பார்த்தான். அந்தப் பெண்ணிடம் வேறு கேள்வி கேட்டேன்: “ஆயிரத்தில் ஒரு பங்கு சிறியது, சரி. ஆயிரத்தில் 736 பங்கு இருந்தால்?” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதுலயே எழுநூறு பங்கு நூறுல எழுபதுக்குச் சமம் டீச்சர்” என்றாள். அதன்பிறகு 62ஐ நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. “பின்னால் பூஜ்ஜியம் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடு” என்று சொல்லிவிடலாம். 4.80, 4.63. எல்லோருக்கும் விடை வந்துவிடும், வகுப்புச் சராசரி ஒரே நாளில் ஏறிவிடும். ஆனால் அந்தப் பையன் இப்போதும் 80ஐயும் 63ஐயும் முழு எண்களாகத்தான் ஒப்பிடுகிறான். புரியாதது அப்படியே இருக்கிறது, அதைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த தப்பு மட்டும் மறைந்துவிட்டது. எண்கோட்டில் இடம் காட்டத் தெரிந்த பிறகு பூஜ்ஜியம் சேர்க்கட்டும். அதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்தால் அடுத்த தேர்வின் முடிவுகளை வைத்து நான் எதையும் நம்ப முடியாது.

மதிப்பீட்டுத் தரவு என்றதும் பலருக்கு சதவீதமும் வண்ணப் பட்டைகளும்தான் ஞாபகம் வருகின்றன. எனக்கு அது ‘எந்தத் தப்பு விடை, எத்தனை பேர்’ என்பதுதான். எடுத்துக்காட்டாக, 503லிருந்து 287ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 216. என் மேசைக்கு வரும் தப்பு விடைகள் பெரும்பாலும் இவைதான்: 384, 316, 226, 286, 790.

384 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் சிறிய எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து எடுத்திருக்கிறது. 7லிருந்து 3, 8லிருந்து 0, 5லிருந்து 2. எது மேலே, எது கீழே என்பதே அதற்குப் பொருட்டில்லை. 316 எழுதிய பிள்ளைக்கு நடுவில் இருக்கும் பூஜ்ஜியம் 9 ஆகும் என்று தெரியும், ஆனால் 5 நான்காக வேண்டும் என்பது விட்டுப்போயிற்று. 226 எழுதியது பூஜ்ஜியத்தைப் பத்தாக்கி, 5ஐ நான்காக்கி, ஒன்றுகள் இடத்துக்குக் கொடுத்த பிறகு பத்து ஒன்பதாக வேண்டும் என்பதை விட்டது. 286 எழுதியது பூஜ்ஜியத்தைத் தாண்டிக் குதித்து நேராக 5இடமே வாங்கிவிட்டு, நடுவில் 8லிருந்து 0 எடுத்தது. 790? கூட்டிவிட்டது. அது கழித்தலில் வரும் தப்பு இல்லை, குறியைப் பார்க்காமல் போட்டது.

ஐந்து விடையும் ரிஜிஸ்டரில் ஒரே சுழிதான். ஆனால் ஐந்துக்கும் ஐந்து விதமான மறுநாள். 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரித் தப்புகளைக் கணினியில் வைத்து ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பிள்ளைகள் கவனமில்லாமல் கண்டபடி தப்புவிடுவதாக நாம் நினைக்கும் இடத்தில், பல பிள்ளைகள் ஒரு தப்பான விதியை ஒழுங்காக, ஒவ்வொரு கணக்கிலும் மாறாமல் பின்பற்றுகிறார்கள் என்று காட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை பிள்ளைகள் மேல்தான். ஒரு விதியை அவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றத் தெரிந்த பிள்ளைக்குச் சரியான விதியும் வரும்.

286 எழுதிய ஒரு பையனிடம், “ஏன் கண்ணா பூஜ்ஜியத்தை விட்டுட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனே?” என்று கேட்டேன். “அதுகிட்டதான் ஒண்ணுமே இல்லையே டீச்சர், அது எப்படிக் கடன் கொடுக்கும்?” என்றான். எவ்வளவு நியாயமான கேள்வி! கடன் வாங்குவது என்று நாம் சொல்லிவைத்ததை அவன் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இன்னும் இருபது கழித்தல் கணக்கு கொடுப்பதில் பிரயோசனமில்லை. 503 என்பதை 50 பத்துகளும் 3 ஒன்றுகளும் என்று படிக்கச் சொன்னேன். கட்டுக் குச்சிகளை எடுத்து வைத்தோம். 50 பத்துக் கட்டுகளில் ஒன்றை அவிழ்த்தால் மிச்சம் 49 கட்டு, உதிரி 13. பூஜ்ஜியத்திடம் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. பையன் குச்சிகளைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், 5க்கும் 0க்கும் மேலே 49 என்று சேர்த்து எழுதினான்.

தப்பு விடையைப் படிப்பதைவிடக் கஷ்டமானது சரியான விடையைச் சந்தேகப்படுவது. 1973இல் எர்ல்வேங்கர் என்ற ஆராய்ச்சியாளர் பென்னி என்று ஒரு பையனைப் பற்றி எழுதினார். 12 வயது, ஆறாம் வகுப்பு. தானே படித்து, தானே தேர்வு எழுதி, அடுத்த கட்டத்துக்குப் போகும் விதமாக அமைந்த பாடத்திட்டம். பென்னி நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தான், நல்ல மாணவன் என்று ஆசிரியரும் நினைத்திருந்தார். உட்கார்ந்து பேசிப் பார்த்தால், 5/10ஐத் தசமமாக எழுதச் சொன்னதற்கு 1.5 என்கிறான். 5ஐயும் 10ஐயும் கூட்டி 15 ஆக்கி, நடுவில் புள்ளி வைக்கிறான். 400/400 அவனுக்கு 8.00. விடைக்குறிப்பில் இருப்பதோடு எது பொருந்தும் என்று தேடுவதுதான் கணக்கு என்று அவன் புரிந்துவைத்திருந்தான். அந்தப் பாடத்திட்டத்தின் பதிவேடு முழுக்கத் தேர்ச்சி, தேர்ச்சி, தேர்ச்சி.

இன்றைக்கு ஆப்களும் கணினித் தேர்வுகளும் வந்திருக்கின்றன. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வகுப்பே ஒரு திரையில் தெரிகிறது. நான் அவற்றை வேண்டாம் என்று சொல்பவள் இல்லை. திருத்தும் நேரம் மிச்சமாகிறது, யார் எந்தக் கேள்வியில் தடுமாறினார்கள் என்று உடனே தெரிகிறது. ஆனால் பச்சையாக இருக்கும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேரையாவது வாரா வாரம் கூப்பிட்டு, “இதை எப்படிப் போட்டே, சொல்லு” என்று கேட்டுவிடுவேன். நான் கேட்டால் தப்பு செய்துவிட்டோம் போல என்று பயப்படுவார்கள். அதனால் சரியாகப் போட்ட கணக்கைப் பற்றியும் கேட்பேன் என்று வருட ஆரம்பத்திலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

கேள்வித்தாள் தயாரிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். தப்பாக யோசிக்கும் பிள்ளைக்கும் சரியான விடை கிடைத்துவிடும் கேள்வியை நான் எடுத்துவிடுவேன், இல்லையென்றால் அதற்கு எதிர்ஜோடி ஒன்று போடுவேன். கொள்குறி வினாவில் மூன்று தப்பு விடைகளும் மூன்று தப்பு யோசனைகளிலிருந்து வந்திருக்க வேண்டும். சும்மா இடத்தை நிரப்ப ஒரு எண் போட்டால் அந்த விருப்பத்தைத் தேர்ந்தெடுத்த பிள்ளையிடமிருந்து எனக்கு ஒன்றும் தெரியவராது. அமெரிக்காவில் 1978இல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு கேள்வி: 12/13உடன் 7/8ஐக் கூட்டினால் தோராயமாக எவ்வளவு? விருப்பங்கள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களுமே ஒன்றுக்குக் கிட்டத்தட்ட சமம், ஆகவே 2. 13 வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேர்தான் 2 என்றார்கள். 19ஐயும் 21ஐயும் தனித்தனியாகவே அதைவிட அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். 19 என்பது 12ம் 7ம், 21 என்பது 13ம் 8ம். பின்னம் என்பது ஒரே எண் என்பது அந்தப் பிள்ளைகளின் மனதில் இல்லை, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு எண்கள்தான் தெரிந்திருக்கின்றன. தப்பு விருப்பங்களை யோசித்துப் போட்டிருந்ததால்தான் இவ்வளவும் ஒரு கேள்வியில் தெரிந்தது.

வாக்கியக் கணக்குதான் எனக்கு எப்போதும் அதிக நேரம் பிடிக்கும் இடம். தப்பு எங்கே நடந்தது என்று விடையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977இல் இதற்கு ஒரு வழி சொன்னார், நான் இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறேன். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வரிசையாகக் கேட்பது: கேள்வியை வாசி. என்ன கேட்கிறார்கள், உன் வார்த்தையில் சொல். எப்படிப் போடப்போகிறாய்? போட்டுக் காட்டு. இப்போது விடையை எழுது. எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ அங்கேதான் பாடம் ஆரம்பிக்க வேண்டும்.

இப்படி ஒரு கணக்கு கொடுத்திருந்தேன்: ‘முதல் பெட்டியில் 24 பென்சில்கள் உள்ளன. இது இரண்டாம் பெட்டியில் இருப்பதைவிட 6 அதிகம். இரண்டாம் பெட்டியில் எத்தனை?’ வகுப்பில் பெரும்பாலோர் 30. கூட்டல் தெரியாதவர்கள் அதில் யாரும் இல்லை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். தடையில்லாமல் வாசித்தாள். என்ன கேட்கிறார்கள் என்றதும், “ரெண்டாவது பெட்டியில எத்தனைன்னு” என்று சரியாகச் சொன்னாள். எப்படிப் போடுவாய் என்றதும், “அதிகம்னு இருக்கு, அதனால கூட்டணும்.” அங்கேதான் இருக்கிறது விஷயம். ‘அதிகம்’ வந்தால் கூட்டு, ‘மீதி’ வந்தால் கழி என்று சின்ன வகுப்பிலிருந்து வந்த பழக்கம். அவளுக்கு நான் கழித்தலையும் சொல்லித்தரவில்லை, வாசிக்கவும் சொல்லித்தரவில்லை. எந்தப் பெட்டியில் அதிகம் இருக்கிறது என்று இரண்டு பட்டைகள் வரையச் சொன்னேன். முதல் பெட்டிக்கு நீளப் பட்டை, இரண்டாவதுக்குக் குட்டைப் பட்டை. வரைந்து முடிக்கும் முன்பே 30ஐ அடித்துவிட்டாள்.

சரி, இதற்கெல்லாம் நேரம் எங்கே? இந்தக் கேள்வி நியாயமானது. நாற்பது பேர் வகுப்பில் எல்லாத் தேர்வையும் இப்படிப் படிக்க யாராலும் முடியாது. நான் ஒரு தேர்வில் இரண்டு மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்வேன். மார்க் போடுவதற்கு முன்னால், ஒரே விடை எழுதிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். 384 ஒரு அடுக்கு, 316 ஒரு அடுக்கு. பேனாவைத் தொடுவதே இல்லை. அடுக்கி முடிந்ததும் மறுநாள் பாடம் ஏறக்குறைய எனக்குத் தெரிந்துவிடும். ஒரு அடுக்கு வகுப்பில் பாதியாக இருந்தால் அது என் பாடம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், எல்லோருக்கும் வேறு விதமாக மறுபடி நடத்த வேண்டியதுதான். நாலைந்து தாள்தான் என்றால் அந்த நாலைந்து பேருடன் பத்து நிமிடம் போதும், மற்றவர்களுக்கு யோசிக்க ஒரு நல்ல கணக்கு கொடுத்துவிடலாம். எல்லோருக்கும் முதலிலிருந்து என்று ஆரம்பிப்பது தெரிந்த பிள்ளையையும் தண்டிக்கிறது, தெரியாத பிள்ளைக்கும் அதே புரியாத பாடத்தைத்தான் இரண்டாம் தடவை கொடுக்கிறது.

அப்புறம் இன்னொன்று. அந்தக் குழு அந்த வாரத்தோடு கலைந்துவிட வேண்டும். கழித்தலில் பூஜ்ஜியம் புரியாத பிள்ளை வடிவியலில் வகுப்புக்கே சொல்லித்தரலாம். ‘மெல்லக் கற்பவர்’ என்று ஒரு பட்டியலில் ஜூன் மாதம் பெயர் ஏறி, அடுத்த ஏப்ரல் வரை இறங்காமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு மனது பதறும். தரவு கையில் இருப்பது பிள்ளைக்கு உதவுவதற்கு, முத்திரை குத்துவதற்கு இல்லை.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது முடிந்தவரை மார்க்கைத் தள்ளிப்போடுவேன். ஒரு குறிப்பு மட்டும் எழுதிக் கொடுப்பேன்: ‘5 நான்காக மாறியதா என்று பார்.’ இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள்தான் ஆர்வத்திலும் அடுத்த வேலையிலும் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்க்கைப் பார்த்தவுடன் பிள்ளையின் கண் பக்கத்துத் தாளுக்குப் போய்விடுகிறது, குறிப்பை யாரும் படிப்பதில்லை. மார்க் பிறகு ரிஜிஸ்டருக்குப் போகட்டும், தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் அது தேவைப்படுகிறது. பெற்றோர் வந்தால் மார்க்கோடு விடைத்தாளையும் எடுத்துக் காட்டுவேன். “கணக்கு வரல டீச்சர்” என்று வருகிறவர்கள், “இந்த ஒரு இடம்தான் வரல போல” என்று சொல்லிவிட்டுப் போவதுண்டு.

இரண்டு வாரம் கழித்து அதே தப்பைத் தேடும் ஒரு கேள்வியை வேறு எண்களில், வேறு பாடத்தின் நடுவில் நுழைத்துவிடுவேன். நடத்திய மறுநாளே கேட்டால் எல்லோரும் சரியாகத்தான் போடுவார்கள். அந்தக் கட்டுக் குச்சிப் பையன் அப்படிக் கேட்டபோது 702லிருந்து 365ஐச் சரியாகக் கழித்தான், ஆனால் 4003லிருந்து 1258இல் மறுபடி பூஜ்ஜியங்களைத் தாண்டிக் குதித்தான். 400 பத்துகள் என்று படிப்பது அவனுக்கு இன்னும் வரவில்லை. அவனுடன் இன்னும் கொஞ்சம் உட்கார வேண்டும்.

அடுத்த வாரம் பின்னங்களை ஒப்பிடும் பாடம். ஆரம்பிப்பதற்கு முன்னால் மூன்று ஜோடிகள் கொடுக்கப்போகிறேன், எது பெரியது அல்லது சமமா என்று. 3/5, 5/12 முதல் ஜோடி. எண்கள் பெரிதாக இருந்தால் பின்னமும் பெரியது என்று நினைப்பவர்கள் இங்கே 5/12க்குப் போவார்கள். 1/3, 3/7 இரண்டாவது. கீழே சின்ன எண் இருந்தால் பெரியது என்று மனப்பாடம் செய்தவர்கள் 1/3 என்பார்கள், பெரியது 3/7. மூன்றாவது 2/3, 3/4. “ரெண்டுலயும் ஒரு பங்குதானே குறையுது, அப்ப சமம்” என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘ஏன்’ என்று ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வகுப்பிலும் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள், நான் எதிர்பார்க்காத காரணம் ஏதாவது அந்த ஒரு வரியில் வந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள்.